மொதல்ல பஸ்ஸை நிறுத்து, அப்பால பந்தை உதை

வா தம்பி, வா. புதுசா வந்திருக்கிற ஃபுட்பால் கோச்சு நீதானே? ஒக்காரு. டீ சொல்லட்டா? ஓ, நீ சக்கரை போடாத கிரீன் டீதான் குடிப்பியா? ஒரகடம் ரோட்டுக் கடையில அதெல்லாம் கெடைக்காது கண்ணு. இங்க கெடைக்கிறது டீ, மசால் வடை, அப்பால நான் சொல்ற புத்தி. மூணுல புத்திக்கு மட்டும் காசு கெடையாது. அதனாலதான் எவனும் வாங்கறதில்ல.

உன்னைப் பத்தி சேதி எல்லாம் தெரியும். காலேஜ் கேட்டுல ஃப்ளெக்ஸ் கட்டிட்டாங்களே. கையைக் கட்டிகினு, கூலிங் கிளாஸ் போட்டுகினு, வானத்தைப் பாத்து நிக்கிறே. கீழ இங்கிலீசுல ‘புது யுகம் ஆரம்பம்’னு போட்டிருக்காம். பேரன் படிச்சிச் சொன்னான். ரொம்ப சந்தோஷம். கோல் போஸ்ட்டு இருபத்துநாலு அடி அகலம், எட்டு அடி ஒசரம். உன் ஃப்ளெக்ஸும் ஏறக்குறைய அதே அளவுதான். ஆனா ஃப்ளெக்ஸுக்கு நாலு பக்கமும் இழுத்துக் கயிறு கட்டியிருக்கு. கோல் போஸ்ட்டுக்கு வலையே கட்டல. இதைப் பாத்தியா நீ?

உன் டீம் போன வருஷம் ஆடின ஆட்டமும் ஊருக்கே தெரியும். ஜோனல் போட்டி, மொத ரவுண்டு. ஆறு கோலு வாங்கிகினு மத்தியான சோத்துக்கெல்லாம் ஹாஸ்டலுக்குத் திரும்பிட்டாங்க. நாக்-அவுட்டு ஆட்டமாச்சே, ஒரு தடவை தோத்தா அந்த வருஷக் கணக்கே முடிஞ்சிது. அந்தப் பசங்களைத் தூக்கி நிறுத்தத்தான் உன்னைக் கூட்டியாந்திருக்காங்க. நியாயம்தான். எங்க ஆரம்பிக்கப் போறே?

வந்த மொத வாரமே நீ குடுத்த லிஸ்ட்டைப் பத்தி வாட்ச்மேன் சொன்னான். முதுகுல மாட்டற ஜிபிஎஸ் சட்டை. மேல பறந்து படம் புடிக்கிற ட்ரோனு. படத்தைப் பாத்து விளக்கம் சொல்ல ஒரு ஆளு. மனசுக்குத் தெம்பு சொல்ல இன்னொரு ஆளு. ஆட்டம் முடிஞ்சா பசங்க எறங்கி ஒக்கார ஐஸ் தண்ணித் தொட்டி. ஏன் நைனா, மே மாசம் இந்தப் பக்கம் குடிக்கவே ஐஸ் தண்ணி கெடைக்கல, நீ காலை ஊற வைக்கக் கேக்கறே?

அந்த ஜிபிஎஸ் சட்டை இன்னா பண்ணும்? எந்தப் பையன் எந்த நேரத்துல எங்க நிக்கிறான்னு சட்டிலைட்டு சொல்லுமாமே. செலவே இல்லாம நான் சொல்றேன், கேட்டுக்கோ. சாயங்காலம் நாலரை மணிக்கு நீ விசில் ஊதறப்போ உன் டீமுல பாதிப் பேரு காலேஜ் பஸ்ஸுல கீறான். ஒருத்தன் தாம்பரம் போறான். ஒருத்தன் காஞ்சிபுரம். ஒருத்தன் பூந்தமல்லி. கோல்கீப்பர் திருவள்ளூர் பஸ்ஸுல ஜன்னலோரம் தூங்கிகினு போறான். அவனுக்கு நீ இன்னா சட்டை மாட்டினாலும் பந்து அவன்கிட்ட வரப் போறதில்ல.

நாலு மணிக்கே பஸ்ஸை ஏன் எடுத்துடறாங்க தெரியுமா? இந்த ரோடு அப்டி. ஷிப்ட்டு விட்டா கம்பெனி பஸ்ஸுங்க வரிசை கட்டி வரும். வண்டலூர் – வாலாஜாபாத் ரோடு ஆறு வழியா அகலமாயும் கன்டெய்னர் லாரிக்கே எடம் பத்தல. அதுல மாட்டினா பொம்பளப் புள்ளைங்க வீடு போய்ச் சேர ராத்திரி ஆயிடும். அதனால ட்ரான்ஸ்போர்ட் இன்சார்ஜ் மணி அடிச்சா வண்டியை எடுத்துடுவான். அவனைக் குத்தம் சொல்ல முடியாது. ஆனா பஸ்ஸை விட்ட பையன் ரெண்டு வண்டி மாறி, ஷேர் ஆட்டோவுல தொங்கிகினு வீட்டுக்குப் போவணும். உனக்காக எத்தினி நாள் தொங்குவான்? ஹாஸ்டல் பசங்க ஆறு பேரை வச்சிகினு நீ ‘ஹை பிரஸ்’ பண்ணப் போறியா? எதிர்த்த டீமைக் கூட அப்டி அழுத்தலாம் தம்பி, ட்ரான்ஸ்போர்ட் ஆபீசை அழுத்த முடியாது. அங்க போய் நின்னு, சிரிச்சிப் பேசி, வாரத்துக்கு மூணு நாளு லேட்டா ஒரு வேன் கேட்டு வாங்கணும். நீ ஜெயிக்க வேண்டிய மொத மேட்ச்சு அதுதான். அந்த மேட்ச்சுக்கு ட்ரோன் வேணாம்.

சாயங்காலம் வேணாம், விடியக்காலம் வச்சிக்கறேங்கறியா? வச்சிக்கோ. ஆறு மணிக்கு ஓட விடுவே. மெஸ்ஸு ஏழரைக்குத்தான் தொறப்பான். பையன் ராத்திரி தின்ன சப்பாத்தியோட ஓடி, வெறும் வயித்தோட குளிச்சி, எட்டரை மணி கிளாஸுல தலை சாஞ்சி தூங்குவான். ஹெச்ஓடி எழுப்பி வெளிய நிறுத்துவாரு. அடுத்த தடவை மேட்ச்சுக்குப் போவ நீ ‘ஆன் டூட்டி’ ஃபாரத்தை நீட்டினா அதே ஹெச்ஓடி பேனாவைத் தேடிகினே இருப்பாரு. 75 சதவீதம் அட்டென்டன்ஸ் இல்லன்னா பரிச்சை எழுத விட மாட்டாங்கன்னு பையனுக்கும் பயம். எதால தோத்தோம்னு நீ சிஸ்டத்துல கோடு கோடா வரைஞ்சி காட்டறே. மெஸ்ஸுல கேட்டுப் பாரு, ரெண்டு முட்டையில பதில் கீது.

அப்பால உனக்கு ஒரு கோவம். கடைசி வருஷப் பசங்களுக்கு ‘கமிட்மென்ட்’ இல்லன்னு வாட்ஸ்அப்புல போட்டியாமே? உன் ஃபார்வர்டு பையன் மேட்ச்சு அன்னிக்கு கேம்பஸ் இன்டர்வியூவுக்குப் போயிட்டான். போவாம? அவன் அப்பன் கான்ட்ராக்ட்டுல ராத்திரி ஷிப்ட்டு பாத்து பீஸு கட்டறான். கம்பெனி காம்பவுண்டுக்கு உள்ளாற நிரந்தர வேலைன்னா அந்த வீட்டுல இன்னா அர்த்தம்னு உனக்குத் தெரியுமா? பையன் ஆள் எடுக்கற ரூமை விட்டுட்டு உன் கார்னர் கிக்குக்குத் தலை குடுக்கணுமா? பிளேஸ்மென்ட் ஆபீஸுல தேதி கேட்டு வாங்கி, அதுக்கேத்த மாதிரி ரெண்டாம் வருஷப் பையன் ஒருத்தனைத் தயார் பண்ணி வை. இதுக்குப் பேரு புத்தி. வாட்ஸ்அப்புல திட்டறதுக்குப் பேரு இன்னான்னு நான் சொல்ல மாட்டேன், பக்கத்துல சின்னப் பசங்க ஒக்காந்திருக்காங்க.

எங்க பக்கம் ஏரி ஜாஸ்தி. ஏரி ஒடைஞ்சா ஊரே ஓடும். எந்த எடத்துல ஒடைஞ்சிதுன்னு பாத்து, அங்க மண்ணு மூட்டையை அடுக்குவோம். கரை முழுக்க வெள்ளை அடிச்சிகினு நிக்க மாட்டோம். நீ எந்த எடம்னு பாத்தியா? போன வருஷம் வாங்கின ஆறு கோலுல கடைசிக் கால் மணியில வந்தது எத்தினி? கார்னர்ல வந்தது எத்தினி? நம்ம பையன் இடது காலால உதைக்கத் தெரியாம எதிராளிக்கே குடுத்து வந்தது எத்தினி? ஒரு நோட்டு, ஒரு பென்சிலு, பழைய மேட்ச்சு பாத்த வாட்ச்மேன் ஒருத்தன். இது போதும் கணக்கெடுக்க.

‘இந்தப் பசங்களை வச்சிகினு ஒண்ணும் முடியாது பெரியவரே’ங்கறே. இப்டித்தான் எல்லாரும் சொல்றாங்க. சென்னையின் எஃப்சி கதை ஞாபகம் கீதா? 2019 – 20 சீசன். மொத நாலு ஆட்டத்துல ஒரு கோலு கூட அடிக்கல. நாலு ஆட்டம், ஆறு மணி நேரம், சைபர்! அதுக்கு முன்னாடி கப்பு வாங்கிக் குடுத்த ஜான் கிரிகரியே பொறுப்பை விட்டுட்டுப் போயிட்டாரு. டிசம்பர்ல ஓவன் காய்ல்னு ஒரு ஸ்காட்லாந்துக்காரரு வந்தாரு. சீசன் நடுவுல வந்தவரு கடைக்குப் போய் ஆளா வாங்க முடியும்? பெரும்பாலும் இருந்த பசங்கதான். அதே பசங்க நாலாவது எடம் புடிச்சி, அரையிறுதியில கோவாவைத் தாண்டி, ஃபைனலுக்கே போயிட்டாங்க. அதுல வால்ஸ்கிஸ்னு ஒருத்தரு 15 கோலு அடிச்சி கோல்டன் பூட் வாங்கினாரு. ஃபைனல்ல ஏடிகேகிட்ட 3 – 1ல தோத்தாங்க, அது வேற விசயம். நான் கேக்கறது இதுதான்: நவம்பர்ல பந்தை உதைக்கத் தெரியாதவனுக்கு மார்ச்சுல கால் புதுசா மொளைச்சிதா?

நீ அமெரிக்காவைக் காட்டுவே. என் பேரன் கூட செல்லுல காட்டினான். கொலராடோ யுனிவர்சிட்டி. அவங்க ஃபுட்பாலு வேற, கையில தூக்கிகினு ஓடி ஒருத்தன் மேல ஒருத்தன் விழற ஆட்டம். 2022ல 12 ஆட்டத்துல 11 தோல்வி. டியான் சாண்டர்ஸ்னு பழைய பெரிய ஆட்டக்காரரைக் கொண்டாந்தாங்க. மொத கூட்டத்துலயே இருக்கிற பசங்களை வேற காலேஜு பாத்துக்கச் சொல்லிட்டாரு. டஜன் கணக்குல கெளம்பிட்டானுங்க. புதுப் பசங்க வந்தாங்க. கூடவே கேமரா வந்திச்சி, டிவி வந்திச்சி. 2023ல மொத மூணு ஆட்டம் ஜெயம். ஊரே ஆடிச்சி. சீசன் முடிஞ்சி எண்ணிப் பாத்தா நாலு ஜெயம், எட்டு தோல்வி. அதுக்கு அடுத்த வருஷம் 13ல 9 ஜெயிச்சாரு, அதையும் சொல்லிடறேன், நமக்குப் பொய் ஆவாது. ஆனா ஒண்ணு கேளு. அங்க ஒரு காலேஜ விட்டு இன்னொரு காலேஜுக்கு ஆட்டக்காரன் மாறிக்கிறதுக்குன்னே ஒரு ஏற்பாடு கீது. உனக்கு எங்க கீது? செகண்ட் இயர் சிவிலுல கீற லெஃப்ட் பேக்கைத் தொரத்திட்டா, அவன் எடத்துக்கு எவன் வருவான்? கவுன்சிலிங் முடிஞ்சி போச்சே கண்ணு.

நம்ம நாட்டுலயே ஒருத்தர் இருந்தாரு. அவரைப் படி. ஐதராபாத்து சையத் அப்துல் ரஹீம். பள்ளிக்கூட வாத்தியாரு. 1950லேர்ந்து இந்திய டீமைப் பாத்துகிட்டாரு. அடுத்த வருஷமே டெல்லியில ஆசியப் போட்டியில தங்கம். ஊரு தூக்கி வச்சி ஆடிச்சி. 1952ல ஹெல்சிங்கி ஒலிம்பிக்ஸ் போனாங்க. குளுருற ஊரு, நம்ம ஆளுங்க பலபேரு வெறுங்காலு. யூகோஸ்லாவியா 10, நம்ம 1. பத்து! உன் டீம் வாங்கினது ஆறுதான், மனசைத் தேத்திக்கோ.

அந்த மாதிரி தோத்துட்டு வந்தா இப்ப இன்னா பண்ணுவாங்க? ராத்திரியோட ராத்திரியா கோச்சை மாத்துவாங்க. அன்னிக்கு மாத்துனது காலுல போடறதை. பூட்ஸ் கட்டாயமாச்சு. ரஹீம் இன்னா பண்ணாரு தெரியுமா? ஐதராபாத்துல பசங்களுக்குப் போட்டி வச்சாரு. ஒரு போட்டியில பந்தை வச்சிகினு வித்தை காட்டக் கூடாது, வந்தா ஒடனே தட்டிவிடணும். இன்னொண்ணுல பழக்கமில்லாத காலாலதான் உதைக்கணும். செலவு இன்னா? ஒரு பந்து, ஒரு விசிலு. எங்க ஓட்டைன்னு அவருக்குத் தெரிஞ்சிது. 1956ல மெல்போர்ன் ஒலிம்பிக்ஸ், நெவில் டிசோசா மூணு கோலு அடிக்க, ஆஸ்திரேலியாவை அவங்க மண்ணுலயே 4 – 2ல சாச்சாங்க. நாலாவது எடம்.

1962, ஜகார்த்தா ஆசியப் போட்டி. மொத ஆட்டத்துல தென் கொரியாகிட்ட 2 – 0 தோல்வி. டிஃபெண்டர் ஜர்னயில் சிங்குக்குத் தலையில அடி, தையலு போட்டாங்க. ரஹீம் அவரைப் பின்னாடி நிறுத்தல, முன்னாடி அனுப்பினாரு. ஃபைனல்ல திரும்பவும் அதே தென் கொரியா. கூட்டம் முச்சூடும் நமக்கு எதிரா கத்துது. கோலுல நம்ம தமிழ் ஆளு பீட்டர் தங்கராஜ், காய்ச்சல்லேர்ந்து எழுந்து வந்து நின்னாரு. டீமுல செகந்திராபாத் பக்கத்துத் தமிழ்க் குடும்பத்துப் புள்ள துளசிதாஸ் பலராமும் இருந்தாரு. பி.கே.பானர்ஜி ஒண்ணு, தையலு போட்ட ஜர்னயில் ஒண்ணு. 2 – 1, தங்கம். ரஹீமுக்கு அப்பவே புற்றுநோய். அடுத்த வருஷம் ஜூன்ல போய்ச் சேந்துட்டாரு. பத்து வாங்கின அன்னிக்கே அவரை வீட்டுக்கு அனுப்பியிருந்தா, ஜகார்த்தா இருந்திருக்குமா? உங்க கரெஸ்பாண்டென்ட்டு ‘கப்பு எப்போ, போட்டோ எப்போ’ன்னு கேக்கறப்போ இந்தக் கதையைச் சொல்லு. சொல்லிட்டு மூணு வருஷம்னு எழுதி வாங்கு. வாய்ச் சொல்லு வேணாம், லெட்டர்பேடுல வாங்கு.

சரி, ஒரு வேளை உனக்கு அதிர்ஷ்டம் அடிச்சி மொத வருஷமே கப்பு வந்திடிச்சின்னு வையி. அப்பத்தான் ஜாஸ்தி உஷாரா இருக்கணும். சென்னை சிட்டின்னு ஒரு டீமு, சொந்த மைதானம் கோயமுத்தூருல. ஐ-லீக்ல 10 டீமுல ரெண்டு சீசன் தொடர்ந்தாப்பல எட்டாவது எடம். சிங்கப்பூர்க்காரரு அக்பர் நவாஸ் வந்தாரு. எட்வின், அஜித்குமார், ரொமாரியோன்னு நம்ம ஊருப் பசங்களை ஆட வச்சாரு. அவங்களோட ஸ்பெயின்லேர்ந்து வந்த நாலு பேரைச் சேத்தாரு. அதுல பெட்ரோ மான்ஸி ஒருத்தரே 21 கோலு. 2019 மார்ச் 9, கடைசி நாளு. ஜெயிச்சாத்தான் கப்புன்னு நிக்கிறப்போ மினர்வா பஞ்சாப் மொத கோலைப் போட்டுட்டான். அப்பால மான்ஸி பெனால்டியில ஒண்ணு. மீதி ரெண்டையும் அடிச்சது யாரு? கௌரவ் போரா, டிஃபெண்டரு! 3 – 1. 43 பாயின்ட்டு. ஈஸ்ட் பெங்காலுக்கு 42. ஒரே ஒரு பாயின்ட்டுல பட்டம்.

கேக்கவே ஜோரா கீது இல்ல? மீதியைக் கேளு. எட்வின் வேற கிளப்புக்குப் போயிட்டாரு. மான்ஸி ஜப்பானுக்கு விமானம் ஏறிட்டாரு. 2021 – 22 ஐ-லீக் பட்டியலைப் பாரு, சென்னை சிட்டின்னு ஒரு பேரே இல்ல. எட்டாவது எடத்துலேர்ந்து மேல ஏற ஒரு சீசன். இல்லாமயே போவ மூணு வருஷம் கூட ஆவல. எங்களுக்கு இது புதுசில்ல கண்ணு. ஸ்ரீபெரும்புதூர்ல நோக்கியா 2006ல வந்திச்சி, ஊரே பளபளன்னு ஆச்சி. 2014 நவம்பர்ல பூட்டு. பலகை பெருசா இருந்தா நெலைக்கும்னு நெனைச்ச பசங்க வேற கம்பெனி வாசல்ல போய் வரிசையில நின்னாங்க. அதனால சொல்றேன். உன் டீம் நல்லா ஆடினா, நல்லா ஆடறவனைப் பாத்து மயங்காதே. அவன் படிச்சி முடிச்சிட்டுப் போனா எவன் கீறான்னு பாரு. மொதல் வருஷப் பசங்க நாலு பேரு தினமும் பந்தைப் பொறுக்கிப் போட்டுகினு, கூடவே ஓடிகினு இருந்தாங்கன்னா, உன் டீமு நெலைக்கும்.

இப்ப உனக்கு ஒரு கணக்கு குடுக்கறேன். இந்த வருஷம் கப்பைப் பத்திப் பேசாதே. மூணு கோலுக்கு மேல வாங்கக் கூடாதுன்னு வையி. அடுத்த வருஷம் ஒரு கோலுல தோத்தாப் போதும். அதுக்கு அடுத்த வருஷம் எவனாவது ஒருத்தன் உன்கிட்ட டிரா பண்ணிட்டு தலையைச் சொறிஞ்சிகினு போவணும். அப்பால ஜெயிக்கறது தானா வரும். நாளுக்கு இருவது நிமிசம் இடது காலு, பத்து நிமிசம் கார்னரு. கடைசிக் கால் மணியில ஓடற ஓட்டத்தை விடாதே. ரீல்ஸு வாரத்துக்கு ஒண்ணு போதும். அதுலயும் நீ பேசாதே, பையன் ஓடறதைக் காட்டு. வாய் ஓடற எடத்துல காலு ஓடாது.

போ, நேரமாச்சி. அடுத்த தடவை வர்றப்போ ஃபார்மேஷன் பத்திக் கேக்க மாட்டேன். எந்தப் பையன் எந்த ரூட்டு பஸ்ஸு, எவன் காலையில சாப்புடாம வந்தான், எவன் அப்பனுக்கு இந்த வாரம் நைட் ஷிப்ட்டு, ட்ரான்ஸ்போர்ட் இன்சார்ஜ் பேரு இன்னா, இத்தக் கேப்பேன். தயங்காம சொல்லிட்டேன்னா அன்னிக்கு எழுந்து நின்னு ‘வாங்க கோச்சு’ன்னு கூப்பிடறேன். அது வரைக்கும் நீ எனக்கு தம்பிதான்.